அண்ணனுடைய போன் நம்பர்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். சபையில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசவும் கூசுவேன். அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, சபை மலருக்குக் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன், குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பாறசாலைக்கு அருகே பிறந்தார்கள். அப்பா சீக்கிரம் மரித்ததால் படிப்பை விட்டு, கிணற்று மோட்டார் பழுது பார்த்து எங்களை வளர்த்தார்கள். எங்கள் சர்ச் சபையில் யார் மரித்தாலும் வீடு வீடாகப் போனில் அறிவிப்பது அண்ணன்தான். அண்ணன் பெயர் போனில் தெரிந்தால் நெஞ்சு பதறும்.

காரக்கோணத்தில் இருந்த சித்தப்பா மட்டும் கேலி செய்வார்.

"எலே, எனக்க சாவை விளிச்சுச் சொல்லும்போ விக்கப்பிடாது ஆக்கும்."

"முதல்ல நீங்க போங்க, பெறவு பாப்போம்" என்பார்கள் அண்ணன்.

ஆனால் முதலில் போனது அண்ணன். சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருந்த சமயம். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொன்னதால், அண்ணன் கல்ஃபுக்கு வேலைக்குப் போனதாகச் சொன்னோம். தினமும் காலையில் அவர் அண்ணனுக்கு அழைப்பார். கிடைக்காது. "வேலைக்கெடையில ஆஃப் பண்ணியிருப்பான்" என்று சமாதானமாவார்.

நாங்கள் ரீசார்ஜ் செய்யவில்லை. நம்பரும் அண்ணனோடு முடிந்தது என்று நினைத்தோம். கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுக்கும் என்று தெரியாது.

போன மாதம் ஒருநாள் சித்தப்பா என்னை அழைத்தார். "மக்கா, அவனுக்க போன்ல பெல் அடிக்குது!"

அவரிடம் உண்மையைச் சொல்லத் துணியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு நானே அந்த நம்பருக்கு அழைத்தேன். காட்டாக்கடைப் பெண் ஒருத்தி எடுத்தாள்.

"இது எனக்குப் புதுசா கிட்டின நம்பர் அக்கா. ஒரு வயசான அப்பச்சன் தெனமும் போன்ல விளிக்காரு, நான் எடுக்கல்லே. பழைய ஆளு மரிச்சிருப்பாருன்னு இன்னைக்கு எடுத்தப்போ வாய்தவறிச் சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அப்போ எனக்க மரணத்தை ஆரு விளிச்சுச் சொல்லுவான்னு கேட்டாரு. நான் சொல்லுதேன் அப்பச்சான்னு சிரிச்சேன்."

உடனே காரக்கோணம் போனேன். சித்தப்பா கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து, "அவனுக்கு எல்லாம் முறையாட்டு செய்தியளா?" என்று மட்டும் கேட்டார். "செய்தோம் சித்தப்பா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணனின் கடைசி நாட்களில் இரத்தம் கொடுத்தவர்கள், கூட இருந்தவர்கள், கல்லறை வெட்டியவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும்.

நான் காரக்கோணம் போய் வந்த மறுநாள் காலை என் போனில் அண்ணன் பெயர் வந்தது. "அக்கா, அப்பச்சன் இன்னைக்கு விளிக்கல்லே" என்றாள் அவள். அன்று மாலை சித்தப்பாவை அண்ணனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.