கோபுரத்தின் மேல் அடுக்கைக் குடித்தவள்

உர் நகரத்துக்காரர்கள் மதிலையும் கோபுரத்தையும் காட்டிப் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் கெமேலாமாவுக்கு வயிறு எரியும். செங்கல் அறுத்தவன் தின்றது வாற்கோதுமை. களிமண்ணில் எழுத்துக் கீறியவன் தின்றதும் அதுதான். யூப்ரடீஸ் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, வருஷா வருஷம் வண்டல் வாரி, அந்தத் தானியத்தை விளைவித்தவர்களின் பெயர் மட்டும் ஒரு செங்கல்லிலும் கிடையாது. ராஜா பெயர்தான் இருக்கும். அவரா குனிந்து கதிர் அறுத்தார்?

அவள் புருஷன் கோபுர வேலையில் சாரம் சரிந்து செத்தான். கோயில் விட்டுவைத்த வயல் ஒன்றே அவளுக்கு மிச்சம். ஒரு வருஷம் விதைப்பாள். மறு வருஷம் தண்ணீர் காட்டாமல் முள்செடி மண்ட விட்டுவிடுவாள். முள்வேர் அடி ஈரத்தை உறிஞ்சினால்தான் மண்ணிலிருக்கும் உப்பு மேலே ஏறாது. அந்தப் பக்கத்தில் இது தெரியாதவர் யாருமில்லை.

வாய்க்கால் கண்காணி லூகிரிசாலுக்கும் தெரியும். தெரிந்தேதான் கழுதை மேல் விதை மூட்டையோடு வந்து நின்றான்.

“கோபுரத்துல இன்னொரு அடுக்கு ஏத்தறாங்க. ஆளுங்களுக்குச் சாப்பாடு பத்தல. சும்மா கிடக்கிற வயல்லயும் விதைச்சாகணும்.”

“சும்மா கிடக்குதா? படுத்துத் தூங்குதுன்னு நெனச்சீங்களாய்யா? இப்பத் தண்ணி விட்டா உப்புப் பூத்துடும். அப்புறம் புல்லுகூட முளைக்காது.”

“அதெல்லாம் கோபுரத்து நிலாச்சாமி பாத்துக்கும்.”

“சாமி வந்து வண்டல் அள்ளுமா?”

அவன் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அக்கம்பக்கத்தார் முணுமுணுத்துக்கொண்டே விதைத்தார்கள். கெமேலாமா விதைக்கவில்லை. மூட்டை மொத்தத்தையும் ஊறவைத்து, முளைகட்டி, இடித்து, பானை பானையாக பீர் போட்டாள். வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, நாணல் குழாயைக் கையில் கொடுத்து, வயிறு முட்டக் குடிக்கவைத்தாள்.

“ஏதுக்கா இவ்ளோ நல்ல சரக்கு?”

“கோபுரத்தோட மேல் அடுக்குடா. நல்லா உறிஞ்சுங்க!”

சிரிப்புச் சத்தம் கண்காணியின் வீடு வரைக்கும் கேட்டது. மறுநாளே வயலைப் பிடுங்கிக்கொண்டு, அவளைக் கோயிலுக்கு மாவரைக்கும் கொட்டடியில் தள்ளினார்கள். அவள் அழவில்லை. விதைப்புப் பருவம் தாண்டிவிட்டது, வயல் பிழைத்தது.

மறு வருஷ அறுப்பு முடிந்ததும் லூகிரிசால் மூட்டைகளோடு கொட்டடிக்கு வந்தான்.

“உன் பழைய வயல்ல மட்டுந்தான் ஒழுங்கா விளைஞ்சுது. மத்ததெல்லாம் வெள்ளையா கிடக்கு.”

“உப்பு விளைஞ்சிருக்குன்னு சொல்லுங்க. அதையும் அள்ளிட்டு வாங்க, கோபுரத்து ஆளுங்க கூழுல போட்டுக்கட்டும்.”

அது அவன் காதில் ஏறவே இல்லை.

“ராசியான வயல்மா அது. வர்ற பருவமும் அதுலயே விதைக்கச் சொல்லிட்டேன். தண்ணியும் ரெண்டு மடங்கு.”

அரைகல்லில் ஓடிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. அத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் வெடித்துவிட்டாள்.

“யோவ், உன் மண்டைக்குள்ள இருக்கிறதும் செங்கல்தானா? எம் புருஷனைத் தின்னீங்க. என்னைத் தின்னீங்க. அந்த மண்ணையாவது விட்டு வைங்கடா!”

கையிலிருந்த கல்லை அவன் மேல் வீசினாள். குறி தப்பிச் சுவரில் பட்டு உடைந்தது. காவலாட்கள் ஓடி வந்து அவளை இழுத்துப்போனார்கள்.

விதைப்புக் காலம் வந்ததும் முதல் மடை அவள் வயலுக்குத்தான் திறந்தது.