அக்காவுக்கு நான் வாங்கிக் குடுத்த பட்ஸ்

கவுஞ்சியிலருந்து பெருமாள்மலை வரைக்கும், காதுல மாட்டுற ஒயர் இல்லாத பட்ஸ என்னையக் கேக்காம ஒருத்தனும் வாங்க மாட்டான்.

பொய்யிங்க. என்னையக் கேட்டு வாங்குனது மொத்தம் ஒரே ஆளு. அந்த ஒரு ஆளு பொழப்பையும் கெடுத்து விட்டுட்டேன். அதத்தான் எழுதலாம்னு ஆரம்பிச்சிருக்கேன்.

நான் காய்கறி லோடு வண்டி ஓட்டுறவன். கவுஞ்சியில கேரட்டும் பூண்டும் ஏத்துனா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல போயி எறக்கணும். படிப்பு அஞ்சாப்பு. அதையே ரெண்டு வருசம் படிச்சேன், அவ்வளவு புடிச்சுப் போச்சு. போன வருசம் பெருமாள்மலையில டீ குடிக்க எறங்குனப்ப, பக்கத்து செல்போன் கடைக்காரரு கூப்புட்டாரு. "அண்ணே, வெலைதான் கம்மி, சவுண்டு கம்மி இல்ல"ன்னாரு. மூடியத் தொறந்தா ரெண்டு மொச்சக்கொட்ட மாதிரி படுத்துக் கெடக்கு. வாங்கிட்டேன். பெட்டிக்குள்ள சின்னதா ஒரு தாளு, படமெல்லாம் போட்டு இங்கிலீசுல. அத நாலா மடிச்சு, வண்டிக் கண்ணாடி கடகடன்னு ஆடாம இருக்க சந்துல சொருகுனேன். கண்ணாடி ஆடல. அந்தத் தாளு எனக்கு அதுக்குத்தான் ஆச்சு.

அப்புறம் நம்ம ஆராய்ச்சி ஆரம்பிச்சுச்சு. பூம்பாறை தாண்டி ரோடு குண்டும் குழியும். பல்லு கழண்டாலும் கழலும், பட்ஸ் கழலல. கேரட்டு கழுவுற தொட்டிக்குள்ள ஒண்ணு விழுந்துருச்சு. எடுத்து வேட்டியில தொடச்சு மாட்டுனேன், விட்ட எடத்துலருந்து பாடுச்சு. வெள்ளனே சார்ஜ் போட்டா மார்க்கெட்டுக்குப் போயி வீடு வர்ற வரைக்கும் தாங்குச்சு. வெளிச் சத்தத்த அடைக்கிற வசதியும் உண்டுன்னாரு கடைக்காரரு. வீட்டுல போட்டுப் பாத்தேன். வீட்டம்மா பேசுறதுல பாதி கொறஞ்சுச்சு. மீதியக் கொறைக்க இன்னும் எவனும் கண்டுபுடிக்கல.

ஒரே ஒரு கொறைதான். காலையில குளிருக்கு மங்கி குல்லா போட்டுக்கிட்டு யார்கூடயாவது பேசுனா, நடுவுல பொசுக்குன்னு கட்டாகும். மலையில என்ன கட்டானாலும் பழி டவர் மேலதான். நானும் டவரத் திட்டிட்டு விட்டுட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தவங்க. ஒறவு இல்ல, ஆனா என் பொண்டாட்டிக்குப் பிரசவம் பாக்க ஆஸ்பத்திரிக்கு அவங்கதான் கூட வந்தாங்க. வீட்டுக்காரரு எறந்து ரொம்ப வருசம். ஒரே மக, திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேல. அக்காவுக்குக் காது மந்தம். ஸ்பீக்கர்ல போட்டாத்தான் போன் கேக்கும். எங்க வீட்டுப் பக்கம் டவர் கெடையாது, மேல ஒரு மேடு இருக்கு, அங்க போயி நின்னாத்தான் கெடைக்கும். அங்க எந்நேரமும் அஞ்சாறு பேரு ஆளுக்கு ஒரு போன வச்சுக்கிட்டு நிப்பாங்க. அக்கா ஸ்பீக்கர் போட்டா, மக திருப்பூர்ல சாப்புட்ட கொழம்பு என்னன்னு கவுஞ்சிக்கே தெரியும்.

ஒருநாள் அக்கா வண்டிகிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க.

"ஏலே, ஒன் காதுல கெடக்கே, அதப் போட்டா எனக்குக் கேக்குமாடா? பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காதுல்ல?"

"எதுக்குக்கா, லவ்வா?"

"செருப்பு பிஞ்சிரும். எனக்கில்லடா, அவளுக்கு."

மக, கூட வேல பாக்குற பையன விரும்புறா. வேற சாதி. மொதல்ல அக்கா ஒத்துக்கல, ஆறு மாசம் பேச்சே இல்ல. அப்புறம் தனியா ஒக்காந்து யோசிச்சு மனசு எறங்கிட்டாங்க. மக ஆள் விட்டுச் சொல்லிருக்கா: "எங்கம்மா அவங்க வாயால எங்கிட்ட சரின்னு சொல்லட்டும், அப்புறந்தான் தாலி." அந்த ஒரு வார்த்தைய மேட்டுல ஸ்பீக்கர்ல சொல்ல முடியுமா? அதுக்குத்தான் பட்ஸ்.

நான் என்ன சொல்லிருக்கணும்? "அக்கா, வண்டியில ஏறுங்க, ரோட்டுல டவர் கெடைக்கிற எடத்துல நிறுத்தி, கண்ணாடிய ஏத்திட்டு ஸ்பீக்கர்ல பேசுங்க, நான் வெளிய நிக்கிறேன்"னு சொல்லிருக்கணும். காசும் இல்ல, சோலியும் இல்ல. நம்மதான் பெரிய விஞ்ஞானியாச்சே. "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்கக்கா, நான் கேரட்டுத் தொட்டியிலயே போட்டுப் பாத்துட்டேன்"னேன். நானே அதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்து, மக விட்டுட்டுப் போன பழைய டச் போன்ல சேத்து விட்டு, காதுல மாட்டிப் பாட்டும் போட்டுக் காமிச்சேன். அக்கா மொகம் அப்புடியே விரிஞ்சுச்சு. எத்தனையோ வருசம் கழிச்சு அவங்க முழுசாக் கேட்ட பாட்டு அது. எனக்கு நெஞ்சு நிமுந்துருச்சு.

ஞாயித்துக்கெழம அக்கா மேட்டுக்குப் போனாங்க. சாயங்காலம் தொங்குன மொகத்தோட வந்தாங்க.

"அவ அலோங்கிறா, நான் பேசுறதுக்குள்ள கட்டாயிருதுடா. நாலு தடவ."

"டவருக்கா. மேகம் எறங்கிருச்சுல்ல."

பொருளு சரியான்னு ஒரு வாட்டி வாங்கிப் பாத்திருக்கலாம். பாக்கல. நான் நல்லாருக்குன்னு சொன்ன பொருளு கெட்டதா இருக்கக் கூடாதுல்ல. அடுத்த ஞாயிறும் அதே கத. நானும் அதே டவரு. மூணாவது ஞாயிறு மக போன எடுக்கவே இல்ல.

பத்து நாள் கழிச்சு என் போனுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. மாலையும் கழுத்துமா அந்தப் புள்ள, பக்கத்துல பையன். கீழ எழுதிருந்தத எழுத்துக் கூட்டிப் படிச்சேன்: 'மாமா, அம்மாட்ட காமிங்க. புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். என் கொரலக் கேட்டதும் கட் பண்ணிருக்க வேணாம்.'

அக்காட்ட போட்டோவ மட்டும் காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. புள்ள கழுத்துல கெடந்த தாலிய வெரலால பெருசு பண்ணிப் பாத்தாங்க.

"நீங்களாக்கா கட் பண்ணீங்க?"ன்னேன்.

"நான் எதுக்குடா கட் பண்றேன்? அவ பேசுனது ஒரு எழுத்து விடாமக் கேக்கணும்னு இப்புடி அமுக்கிப் புடிச்சுக்கிட்டுல்ல நின்னேன்."

அப்புடின்னு சொல்லிட்டு முக்காட்ட இழுத்து, ரெண்டு வெரலால காத இறுக்கி அமுக்கிக் காமிச்சாங்க. காது மந்தமான எல்லாரும் செய்யிறதுதான். வண்டிக்கு ஓடிப்போயி, கண்ணாடிச் சந்துல இருந்த தாளப் புடுங்கி விரிச்சேன். இங்கிலீசு தெரியாட்டியும் படம் தெரியுமே. பட்ஸ் மேல ஒரு வெரலு அமுக்கிக்கிட்டு இருக்கு, பக்கத்துல செவப்பா போன வைக்கிற படம். அமுக்கிப் புடிச்சா கட்டாயிருமாம். என் குல்லாக் கதையும் அதுதான். குளிருக்குக் குல்லாவக் காதோட சேத்து அமுக்குறப்பல்லாம் நானே கட் பண்ணிருக்கேன்.

அன்னைக்கே சொல்லிருக்கணும். மூணு நாள் சொல்லல. லோடு, மழ, டயருன்னு சாக்கு. வீட்டம்மாதான், "ஊரு ஒலகத்துக்கே சோதன பண்ணிச் சொன்ன ஆளு, இதையும் போயி வாயத் தொறந்து சொல்லுங்க"ன்னு வெரட்டி விட்டா. போயிச் சொன்னேன். அக்கா பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டிருந்தா நல்லாருந்திருக்கும். இன்னொரு பல்ல உரிச்சுப் போட்டுட்டு, "பாட்டு நல்லாத்தான்டா கேட்டுச்சு"ன்னாங்க. அவ்வளவுதான்.

அப்புறம், "நான் சொன்னா நம்ப மாட்டா. நீயே அவகிட்ட சொல்லு"ன்னாங்க.

அதுலருந்து ஞாயித்துக்கெழமன்னா எங்களுக்கு இதான் சோலி. வண்டிய ரோட்டோரமா நிறுத்தி, அக்கா உள்ள ஒக்காந்து ஸ்பீக்கர்ல போடுவாங்க. நான் வெளிய குளிர்ல நிப்பேன். மணி முழுசா அடிச்சு ஓயும். என் போன்லருந்து போட்டாலும் எடுக்கல. தாளப் போட்டோ எடுத்து அனுப்புனேன், பாத்திருக்கா, பதில் இல்ல. இப்பவும் அக்கா வண்டிக்குள்ள போன் போட்டுக்கிட்டு இருக்காங்க, நான் வெளிய நின்னு இத எழுதிக்கிட்டு இருக்கேன். எடுத்தா என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டே இருக்கேன். 'தாயி, கட் பண்ணது ஒங்கம்மா இல்ல, இந்த முட்டாப்பய மாமன்'னு ஆரம்பிச்சு, அப்புறம் ஒங்கம்மா அந்த மேட்டுல நனஞ்சுக்கிட்டே நின்னத, சரிங்கிற வார்த்தைய வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு எறங்கி வந்தத எல்லாஞ் சொல்லி, அதுக்கு மேல

"ஏலே! ஏலே! எடுத்துட்டாடா! என்னத்தக் கிறுக்கிக்கிட்டு நிக்கிற, வெரசா வா, வந்து சொல்லு!"