கண்ணைக் கழற்றிய ஆரோக்கியமேரி

"மேடம் போயிட்டாங்கண்ணே" என்று முருகவேல் தொலைபேசியில் சொன்னதும், நம்பாமல் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். முந்தின நாள் மாலைதான் ஆரோக்கியமேரி மேடம் என்னோடு சண்டை போட்டுவிட்டுக் கருவேப்பிலங்குறிச்சி பஸ் ஏறினார். மாரடைப்பாம். ஐம்பத்திரண்டு வயதில் என்ன அவசரம்?

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் தொழிற்கூடத்தின் மின்பொறியாளர் அவர். நான் எலக்ட்ரீஷியன். மண் அரைக்கும் மோட்டார்களுக்காக, எரிவாயு எஞ்சினோடு இணைத்து ஒரு தூண்டல் ஜெனரேட்டரை அவர்தான் நிறுவினார். அது சுற்றும் வேகத்தைப் பார்த்துச் சொல்ல ஒளியில் வேலை செய்யும் சென்சார் ஒன்று உண்டு. நாங்கள் அதைக் 'கண்ணு' என்போம். அது சொல்லும் வேகத்தை நம்பித்தான் எஞ்சினுக்கு எரிவாயு கூடும், குறையும்.

ஆயுத பூஜையன்று எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். கண்ணுக்கும் வைத்தேன். மறுநாள் எஞ்சினைக் கிளப்பினோம். சந்தனம் அப்பிய கண், வேகமே இல்லை என்றது. எரிவாயு முழுதாகத் திறந்துகொண்டது. அலறல் ஏறி ஏறி, இரும்புச் சுழல்சக்கரம் வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு கூரையைக் கிழித்தது. இன்னொன்று எங்களோடு வேலை பார்த்த கோவிந்தனின் நெஞ்சைப் பிளந்தது. முருகவேலின் அண்ணன் அவர்.

அரை மணி நேரத்தில் முருகவேல் ஆட்களோடு வந்தார். என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். இரண்டு பற்கள் போயின. அவர் என் தலைக்குக் கடப்பாரையை ஓங்கியபோது மேடம் குறுக்கே பாய்ந்தார். அவருடைய முழங்கை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"அவரு வச்சது பொட்டுங்க! பொட்டு வச்சா குருடாவுற கண்ண வச்சவ நானு. அடிக்கணும்னா என்ன அடிங்க!"

போலீசிலும் அதையே எழுதிக் கொடுத்தார்.

கையில் கட்டோடு வந்து கண்ணைக் கழற்றி வீசினார். ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்தே வேகத்தைக் கணக்கிடலாம் என்றார். "நாடியப் புடிச்சா போதும், மூஞ்சியப் பாக்க வேணாம்." இயந்திரம் சூடேறினால் கணக்குப் பிசகும். கோபத்தில் அவர் எறியும் ஸ்பேனர் என் பக்கம் பறந்து வரும். மாதக்கணக்கில் இப்படியே போனது.

கடைசிச் சோதனைக்கு முருகவேலையே வரவழைத்தார். "நீங்களே லோட வெட்டுங்க. மோட்டாருங்க நின்னதும் வேகம் எகிறும். அடங்கலன்னா உங்க அண்ணன் போன வழிதான் எனக்கும்." சொல்லிவிட்டுப் புதிய சுழல்சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்றார். முருகவேல் வெட்டினார். எஞ்சின் ஒரு கணம் அலறி அடங்கியது. முருகவேல் தரையில் உட்கார்ந்து கதறினார். மறு வாரம் அதே இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

நேற்று அடக்கம் முடிந்து கூடத்துக்கு வந்தோம். மேடத்துக்காக அரைவையை நிறுத்த முருகவேல் லோடை வெட்டினார். எஞ்சின் அலறியது. கோவிந்தன் இறந்த பிறகு, அந்தச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடியவர்கள் நாங்கள். நேற்று ஒருவரும் அசையவில்லை. சத்தம் தணிந்து சீரானது.

போய் வாருங்கள், மேடம். அந்தக் கடப்பாரை எனக்கு வந்தது. ஒருநாளும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் திட்டுவீர்கள் என்று பயந்தேன். இப்போது கேட்கிறேன், திட்டுங்கள்.