தரை குடித்த சூடு

எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டதால் பிரசவத்துக்குப் பெரம்பலூரில் இருந்த என் தாய்வீட்டுக்குப் போக முடியவில்லை. அரியலூரில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டிலேயே மகள் பிறந்தாள். ஒரு முழம்கூட இருக்க மாட்டாள். பால் இழுக்கத் தெம்பில்லை. "சூடு கொறையாம பாத்துக்குங்க, மத்தது அவன் கையில" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி போய்விட்டாள். மார்கழிப் பனி. உலகச் சண்டைக் காலம் வேறு. கணப்புச் சட்டிக்குக் கரி கிடைப்பதே பெரும்பாடு.

என் வீட்டுக்காரர் ஓவர்சீயர். கவலை வந்தால் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இவர் கணக்குப் போடுவார். அறைக்குள் எவ்வளவு சூடு, வெளியில் எவ்வளவு, சுவரின் கனம் என்ன, மண் வழியாக எவ்வளவு போகும், ஓடு வழியாக எவ்வளவு போகும் என்று சிலேட்டு நிறைய எழுதினார். பிள்ளை சாகக் கிடக்கிறது, இவருக்குப் பெருக்கலும் வகுத்தலுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கணக்கு வீண்போகவில்லை. சூட்டில் பெரும்பகுதி கூரை வழியாகத்தான் போகிறது என்று கண்டுபிடித்து, ஓட்டுக்குக் கீழே மூங்கில் கட்டி வைக்கோலைக் கனமாகப் பரப்பினார். சுவரை ஒட்டி ஓலைத் தட்டி நிறுத்தி, இடையில் உமியைக் கொட்டினார். தரைக்கு மட்டும் சின்ன எண்தான் வந்தது. பூமி அவ்வளவாகக் குளிராது என்றார்.

அப்படியும் குழந்தையின் பாதம் சில்லென்றே இருந்தது. காலை வேளையில்தான் ரொம்ப மோசம். அழித்து அழித்துப் போட்டும் அவருக்குக் காரணம் பிடிபடவில்லை.

பிள்ளையை அணைத்துக்கொண்டு தரையில் கிடந்தவள் நான். விடிந்ததும் மாமியார் வந்து அறை முழுக்கச் சாணி மெழுகுவார். தீட்டு வீடு, ஒரு நாள் விடக் கூடாது. அது காய்கிறவரை பாய்க்குக் கீழிருந்து ஒரு குளிர் முதுகில் ஏறும். பிள்ளை பெற்றவளுக்கு வரும் நடுக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு காலை, மெழுகாமல் விட்ட மூலையில் தற்செயலாகக் கை பட்டது. அங்கே அந்தக் குளிர் இல்லை.

"என்னங்க, ஈரத்தைக் கணக்குல சேத்தீங்களா?"

அவர் திகைத்தார். "காஞ்ச தரைக்குத்தான் போட்டேன்."

"பானை கசிஞ்சுதானே தண்ணி குளிருது? இங்க தரை காயறதுக்கு நம்ம புள்ளைகிட்டேருந்து சூட்ட எடுக்குது."

மாமியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மொழுவாத வூட்டுக்கு எந்தச் சாமி வரும்?"

"புள்ள போனப்புறம் சாமி வந்து என்ன பண்றது, அத்தை?"

அதுவரை மாமியாரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் விடுவிடுவென்று வெளியே போய்விட்டார். இவர் தரையில் உமியைப் பரப்பி, அதன்மேல் சாக்கை விரித்துப் பாயைப் போட்டார். மறுநாள் மாமியார் மெழுக வரவில்லை. எங்களோடு பேசவும் இல்லை.

கொஞ்ச நாளில் பாதம் வெதுவெதுப்பானது. பாலை இழுக்கத் தொடங்கினாள். பிறந்ததிலிருந்து முனகல்தான் கேட்டுவந்தோம். ஒருநாள் பசியில் வீறிட்டு அழுதாள். வீடே அதிர்ந்தது. மாமியார் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"பால் குடுடி, தொண்ட கிழியக் கத்துது பாரு!"

"செத்த இருங்க அத்தை," என்றேன். "இன்னும் கொஞ்சம் அழுவட்டும்."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.