ஒலிக்காத லயத்துப் போன்கள்

வெட்கத்தால் இதை எழுதாமல் சில வருஷங்கள் தள்ளிப்போட்டேன்.

தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மண் சரிந்தால் எல்லார் போனும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி, கொழும்பில் வேலை செய்யும் என் மகள் கோயில் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு செய்தாள். கறுப்புத் திரையில் ஒரே வரியில் கட்டளையும் அதன் பின் செய்தியும் நான் அடித்தால் போதுமாம்.

சோதித்துப் பார்க்க அடித்தேன். ஒரு போனும் ஒலிக்கவில்லை. மூன்று நாள் மழையிலும் இதே கூத்து. வரியைப் போனில் வாசித்துக் காட்டினால், "சரியாத்தானேப்பா இருக்கு" என்றாள்.

"என்னத்தப் படிச்சியோ! மண்ணு மூடுனப்புறமா அடிக்கும்?" என்று கத்தினேன். அழுதுகொண்டே திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

"அப்பா, முன்னுக்கு என்ன 'உ'?"

"பிள்ளையார் சுழிம்மா. அது போடாம எழுதுவாங்களா? அத யாரு வாசிப்பா?"

"ஐயோ அப்பா! கட்டளைக்கு முன்னுக்கு வேணாம், கம்ப்யூட்டருக்குக் கட்டளையே புரியாது. செய்திக்குள்ள மொதல்ல போடுங்க."

போட்டேன். லயமே ஒலித்தது.

அடுத்த வாரம் மண் வந்தபோது லயத்தில் ஒருவரும் இல்லை. வெடிப்பு அகன்றதுமே நான் செய்தி அடித்துவிட்டதால், எல்லாரும் கோயிலில் இருந்தோம்.

பிள்ளையார் என்னை மன்னித்திருப்பார். மகளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை. இதைப் பகிர்கிறவர்கள், நான் திட்டியதையும் வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள். அவள் போனுக்கும் போய்ச் சேரட்டும்.