ஐந்து வருட வெடிக்கட்டு

எங்கள் ஊர்க் கழகம் எங்கே உதைபந்தாட்டம் ஆடினாலும் மெலிந்த மனிதர் ஒருவர் சைக்கிளில் வந்துவிடுவார். கைப்பிடியில் தொங்கும் பைக்குள், வென்றால் கொளுத்தவென்று ஒரு சீனவெடிக் கட்டு இருக்கும். நாங்கள் வெல்லவே இல்லை. அதே கட்டுத்தான் ஐந்து வருடமாக வந்து போனது.

அன்று அரியாலையிலும் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். வென்ற ஊர்க்காரர் ஒருவர், கொண்டுவந்த வெடி முடிந்துபோய், இவரிடம் ஓடிவந்தார்.

"அண்ணை, உந்த வெடி உங்களுக்கு இனித் தேவையில்லைத்தானே, தாங்கோவன்."

"தரலாம். ஆனா இது எங்கடை கழகம் மாதிரி. புகையும், வெடியாது."

அடுத்த ஆட்டத்தன்று காலை அவர் வீட்டைக் கடந்து போனேன். வானம் மூடிக்கிடந்தது. மதிலில் அதே வெடிக்கட்டைக் காயவைத்துவிட்டு, வெயிலுக்காகப் பக்கத்தில் காத்து நின்றார்.