தேனீயே பரீட்சை எழுத வந்தால்...

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு மாணவியிடம் தோற்றுப்போனேன்.

தோற்றது பெரிய விஷயமில்லை. யாரிடமாவது தோற்றுவிட்டு வந்து இந்தப் பக்கத்தில் புலம்புவதுதானே என் வழக்கம்! ஆனால் இந்தத் தடவை ஆன்சர் கீயைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் இங்கிலீஷ் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். அதற்குச் சேலத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்தவன் நான். ஞாயிறானால் மலையேறி ஏற்காட்டுப் பக்கம் எங்கள் வாழவந்திக்கு வந்துவிடுவேன்.

அங்கே மூன்று வீடு தள்ளி இருப்பவள் கஸ்தூரி. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் வாரம் ஒருநாள் ஊருக்கு வருவாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று இன்டர்வியூ வைத்து அவளை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை — இந்த மாதக் கடைசிக்குள் இங்கிலீஷ் பரீட்சையில் அவர்கள் கேட்கும் மதிப்பெண் வேண்டும்.

ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டாள். பேச்சு தாண்டிவிட்டது. எழுத்து தாண்டிவிட்டது. படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் பகுதி இருக்கிறதே... அதில் மயிரிழையில் போயிற்று. சனிக்கிழமை இரண்டாவது தடவை. அதுவும் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. சேலத்திலிருந்து பஸ் ஏறினால், கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. இருபது வளைவு, இருபது வார்த்தை. பஸ் திரும்புகிற திருப்பத்தில் முன்சீட்டுக்காரர் பிளாஸ்டிக் கவரைத் தேடிக்கொண்டிருப்பார். இவள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பெல்லிங் முணுமுணுப்பாள். இப்படிப் படித்தவளா ரீடிங்கில் கோட்டை விட்டாள்? எனக்குப் புரியவே இல்லை... அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

இந்தப் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அதிலுள்ள பாஸேஜ்களில் வருகிறவர்கள் எல்லாரும் வேறு உலகம். மியூசியத்துக்கு மெம்பர்ஷிப் எடுப்பார்கள். கலங்கரை விளக்கத்தை விலைக்கு வாங்குவார்கள். ரிட்டயர் ஆனதும் தேனீ வளர்ப்பார்கள். நாம் அதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ட்ரூவா, ஃபால்ஸா, பாஸேஜில் சொல்லவே இல்லையா — அதாவது நாட் கிவன் — என்று டிக் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு நான் கொண்டுபோன பாஸேஜ், காப்பி அறுவடையைப் பற்றியது.

தலைப்பைப் பார்த்ததும் கஸ்தூரி துள்ளிவிட்டாள். "ஏனுங்ணா, நம்ம சங்கதி வந்துருச்சு! இதுல ஒரு மார்க்கு உட்டாக்கூட என்னைக் கேளுங்க."

எப்படித் துள்ளாமல் இருப்பாள்? அவள் அம்மா பழனியம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். கஸ்தூரியும் பள்ளி லீவில் இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டு பறித்தவள்தான்.

இருபது நிமிடம். பேப்பரைத் திருத்தினேன். இதுவரை அவள் வாங்கியதிலேயே குறைந்த மார்க். கலங்கரை விளக்கத்துக்குக்கூட இதைவிட அதிகம் வாங்கியிருந்தாள்!

பேப்பரை அவள் பக்கம் நகர்த்தி, தப்பாய்ப் போன கேள்வியைப் படித்தேன். "காப்பிப் பழம் பறிக்கத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. இதுக்கு ஏன் ஃபால்ஸ் போட்டே?"

"ஃபால்ஸ்தானுங்ணா."

"பாஸேஜ்ல என்ன போட்டிருக்கு? ரெண்டாவது பாராவைப் பாரு. 'திறமை தேவையில்லாத வேலை என்பதால் யாரை வேண்டுமானாலும் இறக்கலாம்'னு இருக்குதா இல்லையா?"

"இருக்குது. அது பொய்யுங்."

"ஒரு கிளையில் உள்ள பழங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்கும். அதுக்கும் ஃபால்ஸ்!"

"ஏனுங்ணா, நீங்க பறிச்சதே இல்லைங்களா? ஒரே கொத்துல நாலு செவப்பு, ரெண்டு மஞ்சள், மீதி பச்சை. ஒரே சமயத்துல எங்க பழுக்குது?"

"சரி. பறிப்பவர்கள் தாங்கள் பறிக்கும் காப்பியையே விரும்பிக் குடிக்கிறார்கள். இதுக்கும் ஃபால்ஸ். பாஸேஜ்ல அதைப் பத்திப் பேச்சே இல்லையே? நாட் கிவன்தானே?"

"எங்கம்மா டீதானுங் குடிக்குது!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரீட்சைக்கு ஆறு நாள்தான். கோச்சிங் சென்டர் குரலில் கத்தினேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுத இது இடம் இல்லை கஸ்தூரி! கீ என்ன சொல்லுதோ அதுதான் சரி. பேசாம ட்ரூ போடு."

பேனாவை மூடி வைத்தாள். "எங்கம்மா செய்யற வேலைக்குத் தெறமை வேண்டாம்னு எங்கையால நான் போட மாட்டேனுங்ணா. பரீட்சையில வந்தாலும் போட மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேட்ச்சுக்கு இதே பாஸேஜை நடத்தியிருக்கிறேன். ஒருத்தரும் சண்டை போட்டதில்லை. தேனீயைப் பற்றிய பாஸேஜ் நடத்தும்போதும் சண்டை வந்ததில்லை. ஏன் வரும்? தேனீயா வந்து பரீட்சை எழுதுகிறது?

இங்கே தேனீயே வந்து உட்கார்ந்துவிட்டது. கொட்டத்தானே செய்யும்!

இன்னொன்றும் உறைத்தது. என் அம்மாவும் காப்பித் தோட்டத்துக்குப் போனவர். கிளையை எப்படி வளைப்பது, எங்கே பிடித்தால் ஒடியாது என்று எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் மூன்று பேட்ச்... போர்டில் 'ட்ரூ' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். நாக்கு தடுக்கவில்லை. நன்றாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன் போலிருக்கிறது!

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பழனியம்மா வேலை முடிந்து வந்தார். பழ சீசனில் ஞாயிறும் வேலை உண்டு. விரல்களெல்லாம் பழச்சாறு காய்ந்து கறுத்திருந்தன. அவரை நான் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன கண்ணு, ரெண்டு பேரும் மொகத்தைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க?"

கஸ்தூரி தமிழில் சொன்னாள். "காப்பிப் பழம் பறிக்கறதுக்கு ஒரு தெறமையும் வேண்டாமாம்மா. யார வேணும்னாலும் எறக்கி உடலாமாம். புஸ்தகத்துல போட்டிருக்குது."

"எந்த எஸ்டேட்டு ரைட்டர் எழுதுனது அது?"

எங்கள் பக்கம் ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் ஆள் வருகையும் எடையும் குறிப்பவர். "ரைட்டர் இல்லீங் சின்னம்மா. வெளிநாட்டுல ஆரோ எழுதுனது" என்றேன்.

"அதான பாத்தேன். எங்க ரைட்டரா இருந்தா இப்படி எழுத மாட்டாரு. புது ஆளுங்க வந்து கெளையை ஒடிச்சுப் போட்டப்ப, அவருதான் தலையில கைய வெச்சுட்டு உக்காந்தவரு." கையிலிருந்த சாக்கை உதறி மடித்தார். "பழத்தை மட்டும் திருகி எடுக்கோணும். காம்புக்கிட்ட கண்ணு இருக்கும், அது பிஞ்சுதுன்னா அடுத்த வருசம் அங்க பூ வராது. சறுக்கற மண்ணுல ஒத்தக் காலை ஊணிக்கிட்டு, முசுறு எறும்பு கடிக்கறப்பவும் கெளையை உடாம நிக்கோணும். தெறமை வேண்டாமாமா! சரி, இவ என்னத்தப் போட்டா?"

"தப்புன்னு போட்டாங்."

"செரியாத்தான போட்டிருக்கா?"

"செரிதானுங்... ஆனா மார்க்கு கிடைக்காதுங்."

"செரின்னா மார்க்கு ஏன் சாமி கிடைக்காது?"

வாசகர்களே, நான் இரண்டு டிகிரி வாங்கியவன். ஆன்சர் கீயைப் புரட்டினேன்; இந்தக் கேள்வி அதில் இல்லை.

பழனியம்மா மகள் பக்கம் திரும்பினார். "நீ தப்புன்னே போடு கண்ணு. மார்க்கு போனாப் போவுது."

நான் குறுக்கே பாய்ந்தேன். "சின்னம்மா! மார்க்கு போனா வெளிநாட்டு வேலையே போயிருமுங்!"

"போவட்டுமே. தோட்டத்துக்கு வரட்டும். அதுக்குத்தான் ஒரு தெறமையும் வேண்டாமாமே!"

கஸ்தூரி பக்கென்று சிரித்துவிட்டாள். பழனியம்மா சிரிக்கவில்லை. கைகால் கழுவப் பின்பக்கம் போய்விட்டார்.

சிரித்து முடித்ததும் கஸ்தூரி பேப்பரைத் திரும்ப எடுத்தாள்.

"அண்ணா, எங்க வார்டுல கேஸ் ஷீட் எப்படி எழுதுவோம், தெரியுமுங்களா?"

"எப்படி?"

"குடிச்சுட்டு பைக்கோட உளுந்து வருவாங்க. வாசல் வரைக்கும் நாத்தம் அடிக்கும். 'குடிச்சிருக்கீங்களா?'ன்னு கேட்டா, 'சத்தியமா இல்லை சிஸ்டர்'ம்பாங்க. நாங்க சண்டையெல்லாம் போட மாட்டோம். 'குடிக்கவில்லை என்று நோயாளி கூறுகிறார்'னு எழுதிருவோம். கூறுகிறார்! அவ்வளவுதானுங். நான் நம்புனேன்னு எங்கயும் கையெழுத்துப் போடலியே?"

"ஆமா..."

"அப்ப இந்தப் பாஸேஜு நமக்கு பேஷண்ட்டுங்ணா."

பேனாவைத் திறந்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "தெறமை வேண்டாம்னு பேஷண்ட் சொல்றாரு... ட்ரூ. எல்லாப் பழமும் ஒரே சமயத்துல பழுக்கும்னு பேஷண்ட் சொல்றாரு... சொல்லிட்டுப் போவட்டும், ட்ரூ. டீயா காப்பியா? பேஷண்ட் வாயே தொறக்கலை. நாட் கிவன்!"

பத்தே நிமிடம். ஒன்றுகூடத் தப்பில்லை.

கோச்சிங் சென்டரில் இதையே நானும் சொல்லிக்கொடுக்கிறேன் — 'பாஸேஜில் உள்ளதை மட்டும் பார்' என்று. ஆனால் நான் சொல்லும்போது அது 'பாஸேஜ் சொல்வதே உண்மை' என்று ஆகிவிடுகிறது. கஸ்தூரி சொல்வது 'பாஸேஜ் இப்படிச் சொல்கிறது' என்று. இரண்டும் ஒன்றா? அடிவாரத்துக் குப்பனூருக்கும் மலைமேல் ஏற்காட்டுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச்சில் இருந்தால் நம்புவோம். இங்கிலீஷில் அச்சாகியிருந்தால் எழுந்து நின்று நம்புவோம். அந்த மொழியைக் கற்பதும், அதில் எழுதியிருப்பதற்கெல்லாம் தலையாட்டுவதும் ஒரே வேலை என்று எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது. எனக்கு ஏறியிருந்தது... மூன்று பேட்ச் சாட்சி.

இனி இல்லை. வார்த்தைகளை மனப்பாடம் செய்வோம். இலக்கணத்தைப் பழகுவோம். அவர்கள் வைக்கிற பரீட்சையில் அவர்கள் கேட்கிற மார்க்கையும் வாங்குவோம். பரீட்சைக்கு வேண்டியது எங்கள் பதில். எங்கள் சம்மதத்தைக் கேட்க அதற்கு உரிமை கிடையாது.

முந்தாநாள் சனிக்கிழமை. பரீட்சை முடிந்து சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கஸ்தூரி கூப்பிட்டாள். பின்னால் கண்டக்டர்களின் கூச்சல்.

"முடிஞ்சுதுங்ணா. நொம்ப நல்லாவே எழுதியிருக்கேன்."

"பாஸேஜ் என்ன வந்துச்சு?"

"ஒண்ணு பனிமலை, ஒண்ணு பழைய கடிகாரம், இன்னொண்ணு திமிங்கலம். நம்மளைப் பத்தி ஆரும் ஒண்ணும் சொல்லலைங்."

நிம்மதியாக இருந்தது. சரி, வைத்துவிடுவாள் என்று பார்த்தால்... வைக்கவில்லை.

"அண்ணா, ஒரு விசயமுங். அன்னிக்கு அந்தப் பேப்பர்ல ட்ரூன்னு போட்டது மனசுலயே கெடக்குது. பேஷண்ட் சொன்னதை நான் எழுதிட்டேன். ஆனா கேஸ் ஷீட்டுல அதுக்குக் கீழயே இன்னொரு எடம் இருக்கும். சோதிச்சுப் பாத்ததுல என்ன தெரிஞ்சுதுன்னு எழுதற எடம். அது காலியா இருக்குதுங்ணா."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"வாரா வாரம் பத்திரிகையில எழுதறீங்க இல்ல? அந்த எடத்தை நீங்க ரொப்பிருங்க."

ரிசல்ட் வர இன்னும் சில நாள் ஆகும். எது வந்தாலும் சரி, இதை எழுத ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காப்பிப் பழம் பறிக்கத் தனித் திறமை எதுவும் தேவையில்லை: ஃபால்ஸ். புத்தகம் வைத்திருப்பவர்கள் ஆன்சர் கீயைத் திருத்திக்கொள்ளவும்!